விஞ்ஞானியின் சாட்சியம்

1971-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நிதி ஒதுக்கீட்டுத் துணைக் கமிட்டி ஒன்றின் முன், அரிஸோனா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் மக்டொனால்ட் என்ற வாயுமண்டலப் பௌதிக நிபுணர் சாட்சி சொல்ல வந்தார். ஒலியினும் விரைந்து செல்லும் பிரயாண விமானங்களை நூற்றுக்கணக்கில் பறக்கவிட்டால், அவை உமிழும் நீராவி மேல்வாயு மண்டலத்து ஓசோனைக் குறைக்கும் என்றும், ஓசோன் குறைந்தால் சூரியனுடைய புற ஊதாக் கதிர்கள் மிகுதியாகத் தரைக்கு இறங்கித் தோல் புற்றுநோயைப் பெருக்கும் என்றும் அவர் கணக்கிட்டுச் சொன்னார். அவர் பறக்கும் தட்டுகளைப் பற்றியும் சிரத்தையோடு ஆராய்ந்து வந்தவர் என்பதை அறிந்திருந்த அங்கத்தினர் ஒருவர் அந்த விஷயத்தைக் கிளப்பவே, தோல் புற்றுநோய் மறக்கப்பட்டது. பறக்கும் தட்டு பரிகாசப் பொருளாயிற்று. விமானத் திட்டத்துக்கான பணம் அந்த மாதமே நிறுத்தப்பட்டது என்பது உண்மை. ஆனால் செலவையும் பேரோசையையும் பற்றிய ஆட்சேபங்களே அதற்குப் பெரும்பாலும் காரணமாயின. ஓசோனுக்கு ஆபத்து நீராவியைக் காட்டிலும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளாலேயே அதிகம் என்று பால் குருட்ஸனும் ஹரால்ட் ஜான்ஸ்டனும் ஏறக்குறைய அதே காலத்தில் எடுத்துக்காட்டினார்கள். ஆக, மக்டொனால்ட் காட்டிய வழி முழுவதும் சரியில்லை. எழுப்பிய கேள்வி மட்டும் மிகச் சரியானது. கேள்வியின் தகுதியைக் கொண்டு சாட்சியை மதிப்பிடுவது ஆராய்ச்சிக் கூடத்து வழக்கம்; சாட்சியின் தகுதியைக் கொண்டு கேள்வியை மதிப்பிடுவது சட்டசபையின் வழக்கம். பூமியையும் ஆகாயத்தையும் ஆராய்கிறவர்கள் சட்டம் இயற்றுகிறவர்களை நாடிப் போகும்போது முதலில் இடறி விழுவது இந்த வாசற்படியில்தான்.

தாம் கொண்டு செல்லவேண்டியது நிச்சயமான உண்மை என்றும், அது கைக்கு வந்து சேரும்வரை வாயைத் திறப்பது தகாது என்றும், வந்து சேர்ந்துவிட்டாலோ அதைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவதோடு கடமை தீர்ந்தது என்றும் நினைக்கிற விஞ்ஞானிகளே எக்காலத்திலும் மிகுதி. இந்த நினைப்பு தவறு என்பதற்கு, நமக்குக் கிடைத்திருக்கும் சரித்திர உதாரணங்களுள் மிகவும் விரிவானதும் மிகவும் தெளிவானதும் ஓசோன் விவகாரமே. அதில் நிச்சயம் கடைசியில்தான் வந்தது. சட்டமோ அதற்கு முன்பே வந்துவிட்டது. நிச்சயமில்லாததை, சட்டம் ஏந்திக்கொள்ளக் கூடிய ஒரு பாத்திரத்தில் வார்த்துக் கொடுக்கவும், கொடுத்த பிறகு ஆண்டுக்கணக்கில் அதன் அருகிலேயே நிற்கவும் சில விஞ்ஞானிகள் கற்றுக்கொண்டதனால் அது சாத்தியமாயிற்று.

மெக்ஸிகோ நகரத்தில் பிறந்த மரியோ மோலினா, கலிபோர்னியாவில் இர்வைன் சர்வகலாசாலையின் ரசாயனப் பேராசிரியர் ஷெர்வுட் ரோலண்டிடம் 1973-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்து சேர்ந்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை வெறும் புத்தியின் ஆவலைத் தீர்த்துக்கொள்வதற்கானதாகவே தோன்றியது. குளிர்பதனப் பெட்டிகளிலும், வாசனைத் திரவியங்களைப் பீய்ச்சும் டப்பாக்களிலும் உபயோகமான குளோரோஃபுளூரோகார்பன்கள் என்ற வாயுக்கள் உலகெங்கும் காற்றில் கலந்திருப்பதை, இங்கிலாந்தின் ஜேம்ஸ் லவ்லாக் தாமே செய்த கருவியைக் கப்பலில் எடுத்துச் சென்று அளந்திருந்தார்; அவற்றால் யாதொரு தீங்கும் வருவதற்கில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். எதனோடும் சேராத, எதனாலும் அழியாத இந்த வாயுக்கள் முடிவில் எங்கே போகின்றன என்பதே ரோலண்டும் மோலினாவும் கேட்ட கேள்வி. அவை மெல்ல மெல்ல ஸ்ட்ராடோஸ்பியர் என்னும் மேல்மண்டலத்துக்கு ஏறி, அங்கே புற ஊதாக் கதிர்களால் சிதைந்து, குளோரின் அணுக்களை விடுவிக்கின்றன. அவ்வாறு விடுபட்ட ஒரே ஒரு குளோரின் அணு, தான் அழியாமலே, ஏறத்தாழ ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது என்று கணக்கு காட்டியது. 1974 ஜூன் மாதத்தில் 'நேச்சர்' பத்திரிகையில் இது வெளியாயிற்று. அக்கட்டுரையைப் படித்தவர்கள் சிலர். அதனால் கலங்கியவர்கள் அவர்களிலும் சிலர்.

இந்த இடத்தில் இருவரும், விஞ்ஞான உலகத்து மரியாதைகளை மீறிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். செப்டம்பர் மாதம் அட்லாண்டிக் நகரத்தில் அமெரிக்க ரசாயன சங்கத்தின் கூட்டத்துக்குச் சென்றவர்கள், ஆராய்ச்சி முடிவைச் சொன்னதோடு நில்லாமல், இந்த வாயுக்களைக் காற்றில் விடுவதை நிறுத்தவேண்டும் என்று பத்திரிகைக்காரர்களிடமும் சொன்னார்கள். ஆண்டு முடிவதற்குள், டிசம்பரில், புளோரிடாவைச் சேர்ந்த பால் ராஜர்ஸ் தலைமை வகித்த பிரதிநிதிகள் சபைத் துணைக் கமிட்டி இருவரையும் சாட்சி சொல்ல அழைத்தது. அதே அமர்வில், உலக உற்பத்தியில் ஏறக்குறைய கால்பங்குக்குச் சொந்தக்காரரான டியூ பாண்ட் கம்பெனியின் சார்பில் ரேமண்ட் மக்கார்த்தி என்பவரும் பேசினார். இதெல்லாம் நிரூபிக்கப்படாத அனுமானம் என்பது அவருடைய வாதம். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால், இந்த வாயுக்களை ஆரோக்கியத்துக்கு அபாயமின்றி உபயோகிக்க முடியாது என்று நம்பத்தக்க விஞ்ஞானப் பிரமாணம் காட்டினால், தங்கள் கம்பெனி அவற்றைச் செய்வதையே நிறுத்திவிடும் என்ற வாக்குறுதியையும் சேர்த்துச் சொல்லிவைத்தார். அது பதிவேட்டில் ஏறிற்று. பின்னர் கம்பெனியின் பத்திரிகை விளம்பரங்களிலும் இடம்பெற்றது. அன்றைக்கு அது எதிர்க்கட்சிக்காரரின் சாமர்த்தியமான பேச்சாகவே பலருக்கும் பட்டிருக்க வேண்டும்.

இத்தகைய அமர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். ஏனெனில் அதை அறியாமல் போகிறவர்கள், கல்லூரி வகுப்பறையை மனத்தில் வைத்துக்கொண்டு போய் ஏமாந்து திரும்புகிறார்கள். சாட்சி தம்முடைய முழு வாக்குமூலத்தையும் எழுத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடவேண்டும். வாயால் சொல்ல அவருக்குக் கிடைப்பது வழக்கமாக ஐந்து நிமிஷம். பிறகு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஐந்தைந்து நிமிஷம் கேள்வி கேட்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேறொரு வாக்கெடுப்புக்காக எழுந்து போவார்கள். சிலர் கேட்பதற்காக அல்லாமல் தாம் பேசுவதற்காகவே அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிப்பார்கள். கேள்விகளை எழுதிக் கொடுப்பவர்கள், அங்கத்தினருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கமிட்டி ஊழியர்கள். பெரும்பாலும் இளவயதினர், ஒரே சமயத்தில் பத்து விஷயங்களைக் கவனிக்கக் கடமைப்பட்டவர்கள். அமர்வுக்கு முன்பு அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து விஷயத்தை விளக்குகிற விஞ்ஞானி, அமர்வில் ஐந்து நிமிஷம் முழங்குகிற விஞ்ஞானியைவிட அதிகம் சாதிக்கிறார் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க விஞ்ஞான சங்கங்கள் இதை நன்கு அறிந்தே, 1973 முதல் இளம் விஞ்ஞானிகளை ஓராண்டு காலம் காங்கிரஸ் என்னும் அமெரிக்கச் சட்டசபையின் ஊழியர்களோடு ஊழியர்களாக வேலை செய்ய அனுப்பத் தொடங்கின; அமெரிக்கப் புவிப்பௌதிக சங்கமும் 1977-இல் அவ்வழக்கத்தை மேற்கொண்டது. மேஜைக்கு அப்புறம் இருப்பவர்களுக்கு எது தெரியாது, எதற்கு நேரமில்லை, எதற்குப் பயம் என்பதை அங்கே ஓராண்டு இருந்தவர்கள் அறிந்து திரும்பினார்கள்.

ரோலண்டுக்கும் மோலினாவுக்கும் நேர்ந்த உண்மையான சோதனை 1976-இல் வந்தது. குளோரின் நைட்ரேட் என்ற ஒரு சேர்மானம் மேல்மண்டலத்தில் எண்ணியதைவிட நீண்ட காலம் நிலைத்திருக்கக் கூடும் என்றும், அப்படியானால் அது குளோரினைப் பூட்டி வைத்து ஓசோன் அழிவைக் குறைக்கும் என்றும் அவர்களுடைய ஆராய்ச்சிக் கூடத்திலேயே தெரியவந்தது. தம் வாதத்தைப் பலவீனப்படுத்தும் இச்செய்தியை அவர்கள் தாமே முன்வந்து அறிவித்தார்கள். உற்பத்தியாளர்கள் மகிழ்ந்தார்கள், தேசிய விஞ்ஞான அகாடமி தன் அறிக்கையைத் தள்ளிவைத்து மறுபடி கணக்குப் போட்டது. செப்டம்பரில் வந்த அந்த அறிக்கை, முடிவில் ஓசோன் சுமார் 7 சதவீதம் குறையலாம் என்று மதிப்பிட்டது. அதன் பின் ஆண்டுதோறும் ரசாயன வேகங்கள் திருத்தப்படத் திருத்தப்பட, அம்மதிப்பீடு ஊஞ்சலாடியது: 1979-இல் அகாடமியின் கணக்கு 16 சதவீதத்தைத் தாண்டியது, 1982-இல் 5-க்கும் 9-க்கும் இடையே இறங்கியது, 1984-இல் 2 முதல் 4 வரை என்று சுருங்கிப்போயிற்று. சட்டசபையில் எந்த எண்ணையாவது ஒற்றைத் தூணாக நாட்டி, அதன்மேல் சட்டத்தைக் கட்டியிருந்தால், அக்கட்டடம் எட்டு ஆண்டுகளில் மூன்று முறை இடிந்திருக்கும்.

இடியாமல் நின்றதற்குக் காரணம், 1977-இல் சுத்தமான காற்றுச் சட்டத்தைத் திருத்தியவர்கள் எண்ணைச் சட்டத்தில் எழுதாததுதான். ஒரு பொருள் ஸ்ட்ராடோஸ்பியரைப் பாதிக்கும் என்றும், அதனால் பொதுஜன ஆரோக்கியத்துக்கோ நலத்துக்கோ கேடு விளையும் என்றும் நியாயமாக எதிர்பார்க்க இடமிருந்தாலே போதும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்ஸியின் தலைவர் அதைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர்கள் எழுதினார்கள். சந்தேகமறத் தெளிந்தபின் என்று எழுதவில்லை. நிரூபணத்தின் பாரத்தை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றவேண்டும் என்பது விஞ்ஞானம் தீர்மானிக்கும் விஷயமன்று. அது நீதியையும் துணிவையும் பொறுத்தது. ஆகவே மக்களின் பிரதிநிதிகளே தீர்மானிக்க வேண்டியது. ஆயினும், அந்தத் தீர்மானத்தை அவர்கள் புத்திபூர்வமாக எடுப்பதற்கு வேண்டிய ஒரு செய்தியை விஞ்ஞானிகளைத் தவிர வேறு யாரும் தந்திருக்க முடியாது. இந்த வாயுக்கள் காற்றில் பல பத்தாண்டுகள், சிலது நூறாண்டுக்கு மேலும், தங்கியிருக்கும். ஆதலால் தவறு கண்ணுக்குத் தெரிந்தபின் நிறுத்தினாலும், தவறு அதற்கப்பாலும் ஒரு தலைமுறைக்கு மேல் நடந்துகொண்டே இருக்கும் என்பதே அச்செய்தி. எவ்வளவு அழியும் என்ற கணக்கு மாறிக்கொண்டிருந்த காலமெல்லாம், காத்திருப்பதற்கு என்ன விலை என்ற இந்தக் கணக்கு மட்டும் மாறவேயில்லை. இதை முன்னே நிறுத்தியதுதான் ரோலண்டின் சாதுர்யம். 1978-இல், அவசியமில்லாத தெளிப்பு டப்பாக்களில் இவ்வாயுக்களை நிரப்புவது அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. அப்போது ஓசோன் குறைந்திருப்பதை உலகில் யாரும் அளந்து காட்டியிருக்கவில்லை.

காங்கிரஸ் செய்த மற்றொரு காரியம் அவ்வளவு பேசப்படுவதில்லை. மேல்வாயு மண்டலத்தை இடைவிடாது ஆராய்ந்து அதன் நிலையைத் தனக்கு அறிவித்து வரவேண்டும் என்று 1975 முதற்கொண்டே நாஸா ஸ்தாபனத்துக்குச் சட்டபூர்வமாகக் கட்டளையிட்டது. சந்திரனுக்குப் போய்வந்து, அடுத்து என்ன செய்வது என்று திகைத்துக்கொண்டிருந்த அந்த ஸ்தாபனத்துக்கும் இது உகந்ததாகவே இருந்தது. 1978-இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோள் ஓசோனை உலக முழுவதும் தினந்தோறும் அளக்கும் கருவியைச் சுமந்து சென்றது. இந்த ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தும் பொறுப்பு ராபர்ட் வாட்ஸன் என்ற இங்கிலாந்துக்கார ரசாயன நிபுணரிடம் வந்தபோது, அவர் ஒரு யுக்தி செய்தார். தேசத்துக்குத் தேசம் தனித்தனி அறிக்கை, அறிக்கைக்கு அறிக்கை வேறு வேறு எண் என்றிருந்த நிலையை ஒழித்து, உலக வானிலை ஸ்தாபனத்தையும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தையும் சேர்த்துக்கொண்டு, பல தேசத்து விஞ்ஞானிகள் சுமார் 150 பேரை ஒரே மதிப்பீட்டு அறிக்கையை எழுதவைத்தார். மூன்று பாகங்களாக வெளிவந்த அந்தப் பெரும் புத்தகத்தைச் சட்டசபை அங்கத்தினர் எவரும் படித்திருக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு தேசத்து மந்திரியும் தம் நாட்டு விஞ்ஞானியைத் தனியே அழைத்து, இது உண்மைதானா என்று கேட்டபோது, அவர் தாமே கையெழுத்திட்ட ஒன்றை மறுக்க வேண்டிய நிலை ஏற்படவில்லை. உற்பத்தியாளர்களின் விஞ்ஞானிகளையும் பின்னாளில் இவ்வேலையில் சேர்த்துக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

1985 மே மாதத்தில், பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூவரும், அண்டார்க்டிகாவின் ஹாலி விரிகுடாவில் வசந்த காலத்து ஓசோன் பழைய அளவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டதை வெளியிட்டார்கள். எந்தக் கணக்கும் இதை முன்னறிந்து சொல்லவில்லை. மறு ஆண்டு ஜூனில், ரோட் தீவின் செனட்டர் ஜான் சேஃபி கூட்டிய அமர்வுகளில் ரோலண்ட், வாட்ஸன், தட்பவெப்ப ஆராய்ச்சியாளர் ஜேம்ஸ் ஹான்ஸன் ஆகியோர் சாட்சி சொன்னார்கள். சேஃபி குடியரசுக் கட்சிக்காரர். அன்றைய ஜனாதிபதி ரீகனும் அக்கட்சிக்காரரே. அந்த ஆண்டிலேயே சூஸன் ஸாலமன் என்ற இளம் பெண் விஞ்ஞானியின் தலைமையில் ஒரு குழு அண்டார்க்டிகாவின் மக்மர்டோ நிலையத்துக்குச் சென்று, அங்கே ஓசோன் குறைந்ததற்குக் குளோரினே காரணம் என்பதற்குச் சான்றுகளோடு திரும்பியது. 1987 வசந்தத்தில், புற ஊதாக் கதிர்களிலிருந்து தப்பத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டால் போதாதா என்பது உள்நாட்டு இலாகா மந்திரி ஹோடலின் யோசனை என்று செய்தி வெளிவந்து, தேசமே சிரித்தது. ஜூன் மாதத்தில் செனட் சபை, இவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தக் கடுமையான சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்ற தீர்மானத்தை 80-க்கு 2 என்ற கணக்கில் நிறைவேற்றியது.

அவ்வாண்டு செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியலில் உடன்படிக்கை கையெழுத்தானது. நூற்றாண்டு முடிவதற்குள் உற்பத்தியைப் பாதியாக்குவது என்பது அதன் சாரம். அந்த வாரங்களில் நாஸாவின் விமானங்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கிளம்பி, அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் குறைந்துபோன, ஓசோன் துவாரம் என்று பெயர்பெற்ற பகுதியினுள்ளேயே பறந்து அளந்துகொண்டிருந்தன. ஆயினும் அம்முடிவுகளைச் சரிபார்க்காமல் பேச்சுவார்த்தை மேஜைக்குக் கொண்டுவருவதில்லை என்று விஞ்ஞானிகள் தீர்மானித்து, கையெழுத்தான பின்பு, செப்டம்பர் 30 அன்றே வெளியிட்டார்கள். மிகவும் பலமான ஆயுதம் கைக்கு எட்டிய சமயத்தில் அதை எடுக்காமல் இருந்தது கோழைத்தனமா, விவேகமா என்பதைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். அரைகுறை எண் ஒன்று வெளியாகி ஒரு மாதத்தில் பொய்த்திருக்குமானால், பதின்மூன்றாண்டு உழைப்பு சந்தேகத்துக்குள்ளாகியிருக்கும் என்பதை நினைக்கும்போது, அவர்கள் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. இதற்கு நேர்மாறான ஒரு சந்தர்ப்பம் பின்னால் வரப்போகிறது.

இனி அந்தப் பழைய வாக்குறுதியின் கதை. 1988 பிப்ரவரியில் செனட்டர்கள் ஸ்டாஃபோர்ட், பாகஸ், டியூரன்பர்கர் மூவரும் டியூ பாண்ட் கம்பெனியின் தலைவர் ரிச்சர்ட் ஹெக்கர்ட்டுக்குக் கடிதம் எழுதி, கம்பெனி முன்பு கொடுத்த வாக்கை நினைவூட்டி, அதை இப்போது நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டார்கள். விஞ்ஞானப் பிரமாணம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்று மார்ச் 4 அன்று தலைவர் பதில் எழுதினார். மார்ச் 14 அன்று செனட் சபை மாண்ட்ரியல் உடன்படிக்கையை ஓர் எதிர்ப்பு வாக்குமின்றி ஏற்றது. மறுநாள், வாட்ஸன் தலைமையில் நூறு விஞ்ஞானிகளுக்கு மேல் சேர்ந்து நடத்திய ஓசோன் போக்கு ஆய்வுக் குழு, தென்துருவத்தில் மட்டுமின்றி, வட கோளத்தின் ஜனநெருக்கமுள்ள பிரதேசங்களின் மேலும் ஓசோன் குறைந்திருப்பதாக அறிவித்தது. கம்பெனியின் சொந்த விஞ்ஞானி ஒருவரும் அக்குழுவில் இருந்தார். மார்ச் 24 அன்று, தான் இவ்வாயுக்களின் உற்பத்தியை முற்றிலும் கைவிடப்போவதாக டியூ பாண்ட் தெரிவித்தது. 1974 டிசம்பரில் ஒரு துணைக் கமிட்டி அறையில் எதிர்வாதத்துக்கு அலங்காரமாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம், பதிவேட்டில் பதின்மூன்று ஆண்டுகள் படுத்திருந்து, வேண்டிய தருணத்தில் எழுந்து வந்தது. கம்பெனியின் மனமாற்றத்துக்கு மாற்று ரசாயனங்களின் வியாபாரமும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், தாம் சொன்னதை அன்று யாரும் கேட்கவில்லை என்று சோர்கிற விஞ்ஞானிகள், சட்டசபையில் கேட்கிறவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமல்லர் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இவ்வளவுக்கும் ரோலண்ட் கொடுத்த விலை சிறிதன்று. ஏறத்தாழப் பத்தாண்டு காலம் ரசாயனத் துறைகளிலிருந்து அவருக்கு வந்த சொற்பொழிவு அழைப்புகள் அருகிப்போயின. விஞ்ஞானி கண்டதைச் சொல்லலாம், செய்யவேண்டியதைச் சொல்லலாகாது என்ற விதியை அவர் மீறிவிட்டார் என்பது சகாக்கள் பலரின் மனத்தாங்கல். அவ்விதியில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். கண்டறிந்த உண்மைக்கும் கொடுக்கும் ஆலோசனைக்கும் இடையே ஒரு கோடு இருக்கத்தான் வேண்டும். இந்த இடம்வரை நான் ரசாயனக்காரன், இதற்கப்பால் நான் பிரஜை என்று சாட்சி வெளிப்படையாகச் சொன்னால், கேட்பவன் ஏமாறுவதில்லை. கோட்டைக் காட்டாமல் தாண்டுவதுதான் குற்றம். கோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தம் கண்ணெதிரே நடக்கும் கேட்டைப் பற்றிக் கருத்தில்லை என்பது அதனினும் சிறந்த ஒழுக்கமாக எனக்குப் படவில்லை.

சர்க்கார் ஸ்தாபனத்தில் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. அவருடைய எழுத்து வாக்குமூலம் வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பவேண்டும். 1988 ஜூன் 23 அன்று செனட்டின் கமிட்டி முன், பூமி வெப்பமடைந்து வருவதை 99 சதவீத நிச்சயத்தோடு கூறலாம் என்று சொல்லி உலகப் புகழ் பெற்ற ஹான்ஸன், மறு ஆண்டு மே மாதம் மீண்டும் சாட்சி சொல்ல வந்தபோது, தம் முடிவுகளைத் தாமே சந்தேகிப்பதுபோல் தொனிக்கும் வரிகளை அந்த அலுவலகம் தம் வாக்குமூலத்தில் புகுத்திவிட்டதைக் கண்டார். அவர் அந்த வாக்குமூலத்தைக் கொடுக்க மறுக்கவில்லை. அமர்வை நடத்திய செனட்டர் அல் கோருக்கு முன்கூட்டித் தெரிவித்து, அதைப் பற்றித் தம்மைக் கேள்வி கேட்கச் செய்தார். எழுத்துக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். நேரில் கேட்ட கேள்விக்கு மனச்சாட்சியின்படி பதில் சொல்ல வேண்டும். இந்த நுணுக்கம் மறுநாள் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தது. ஆயினும் ஓசோனுக்குக் கிடைத்த சட்டம் வெப்பத்துக்குக் கிடைக்கவில்லை. சில தொழிற்சாலைகளில் செய்யப்படும் சில வாயுக்கள் ஒரு பக்கம், உலகின் அடுப்பும் விளக்கும் ஆலையும் வண்டியும் மறுபக்கம் என்றிருக்கையில், சாட்சியின் திறமையை மட்டும் கொண்டு பலனை அளப்பது பேதைமை.

விஞ்ஞானம் எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு 1990 ஜூனில் லண்டனில் மாண்ட்ரியல் உடன்படிக்கை நாடுகள் நடத்திய மாநாடு இன்னொரு சான்று. இந்தியாவும் சீனாவும் அதுவரை உடன்படிக்கையில் சேரவில்லை. ஓசோன் அழிகிறது என்பதை இந்தியத் தரப்பு மறுக்கவில்லை. அழித்தவர்கள் யார், குளிர்பதனப் பெட்டியை இப்போதுதான் காணத் தொடங்கியிருக்கும் ஜனங்கள் மாற்று ரசாயனத்துக்கு எந்தப் பணத்தைக் கொடுப்பது என்றுதான் கேட்டது. இக்கேள்விக்கு எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் விடை இல்லை. செல்வ நாடுகள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் நிதி வைப்பதென்றும், இவ்விரு தேசங்களும் சேர்ந்தால் அதை 24 கோடியாக உயர்த்துவதென்றும் தீர்மானமான பிறகே வழி திறந்தது. இந்தியா 1992-இல் சேர்ந்தது.

வானத்தை ஆராய்கிறவர்களின் அநுபவம் சற்று வேறானது. அவர்கள் பெரும்பாலும் சட்டம் கேட்டுப் போவதில்லை, பணம் கேட்டே போகிறார்கள். அமெரிக்க வானசாஸ்திரிகள் 1960-களிலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை கூடி, வேண்டிய தொலைநோக்கிகளையும் விண்கலங்களையும் தங்களுக்குள்ளேயே சண்டையிட்டு வரிசைப்படுத்தி, வெளியே வந்து ஒரே குரலில் கேட்கும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசைக்குச் சட்டசபை பெருமதிப்புக் கொடுப்பது, அது பிழையற்றது என்பதனால் அல்ல, தோற்றவர்களும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள் என்பதனால். ஆனால் காங்கிரஸில் அதிகாரம் அளிக்கும் கமிட்டி வேறு, பணம் அளிக்கும் கமிட்டி வேறு. பூமியை மோதக்கூடிய விண்கற்களைத் தேடும் விஷயத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். 1994 ஜூலையில் ஒரு வால்நட்சத்திரம் துண்டு துண்டாக வியாழன்மீது விழுந்ததை உலகமே பார்த்தபின் ஆர்வம் மூண்டது. 1998-இல், ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கற்களில் 90 சதவீதத்தைப் பத்தாண்டில் கண்டறிவது என்ற குறிக்கோளை நாஸா ஏற்று, ஏறக்குறைய அக்கெடுவுக்குள் முடித்தது. 2005-இல் காங்கிரஸ், 140 மீட்டருக்கு மேற்பட்டவற்றிலும் 90 சதவீதத்தை 2020-க்குள் கண்டறிய வேண்டும் என்று சட்டமே இயற்றியது. அதற்கு ஏற்ற பணத்தை ஒதுக்கவில்லை. கெடு வந்தபோது பாதியும் எட்டப்படவில்லை. சட்டம் நிறைவேறிய அன்று வெற்றி என்று கைகுலுக்கிக்கொண்டு கலைந்த விஞ்ஞானிகள், ஒதுக்கீட்டுக் கமிட்டியின் வாசலுக்கு ஆண்டுதோறும் போயிருக்க வேண்டியிருந்தது.

ஓசோன் கதைக்குத் திரும்பினால், அதன் கடைசி அத்தியாயம் முன்னே நான் சொன்ன நேர்மாறான சந்தர்ப்பத்திலிருந்து தொடங்குகிறது. 1992 பிப்ரவரி தொடக்கத்தில் நாஸா விஞ்ஞானிகள், வடகோளத்தின் மேலும் ஓசோனை அழிக்கும் குளோரின் மோனாக்ஸைடு அபாயகரமாகப் பெருகியிருப்பதாகவும், அவ்வசந்தத்தில் அங்கும் துவாரம் தோன்றலாம் என்றும் அவசரமாகப் பத்திரிகைகளுக்கு அறிவித்தார்கள். சில நாட்களுக்குள் செனட் சபை 96-க்கு 0 என்ற கணக்கில் தடையை விரைவுபடுத்தக் கோரியது. ஜனாதிபதி புஷ் உற்பத்தியை நிறுத்தும் கெடுவை 1995 இறுதிக்கு முன்னே தள்ளினார். பிறகு வானிலை மாறி, மேல்மண்டலம் எதிர்பார்த்ததைவிட வெப்பமடைந்து, அந்தத் துவாரம் தோன்றாமலே போயிற்று. பலன் நல்லதே, ஆனால் பீதியைக் கிளப்பிக் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள் என்ற பழியும் கூடவே வந்தது.

அப்பழியைச் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு 1995-இல் சபையில் பெரும்பான்மை கிடைத்தது. சட்டசபைக்கென்றே 1972-இல் ஏற்படுத்தப்பட்டு, விஞ்ஞான விஷயங்களைப் பக்ஷபாதமின்றி விளக்கி வந்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் அவ்வாண்டு செப்டம்பரில் பணமின்றி மூடப்பட்டது. அதே மாதம் 20-ஆம் தேதி, பிரதிநிதிகள் சபைத் துணைக் கமிட்டி ஒன்று ஓசோன் விஷயத்தில் கட்டுக்கதை எது, உண்மை எது என்று விசாரிக்க உட்கார்ந்தது. தடையை ரத்து செய்யவும் தள்ளிப்போடவும் மசோதா கொண்டுவந்த அங்கத்தினர்கள் டிலேயும் டூலிட்டிலும் அங்கே பேசினார்கள். சக விஞ்ஞானிகள் பரிசீலித்து வெளியிடும் கட்டுரைகளில் தமக்கு நம்பிக்கையில்லை என்ற பொருள்பட டூலிட்டில் சொன்னார். எதிரே சாட்சிகளின் மேஜையில் வாட்ஸனும், தேசியக் கடல் வாயுமண்டல நிர்வாகத்தின் டேனியல் ஆல்பிரிட்டனும், முன்பு பல முறை சொன்னவற்றையே, எது தெரியும், எது தெரியாது, காத்திருந்தால் என்ன ஆகும் என்ற அதே வரிசையில், பொறுமையோடு மறுபடியும் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 11 அன்று, குருட்ஸன், மோலினா, ரோலண்ட் மூவருக்கும் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மசோதாக்கள் சட்டமாகவில்லை. 1996 ஜனவரி 1 முதல், விலக்களிக்கப்பட்ட சில உபயோகங்கள் நீங்கலாக, அமெரிக்காவில் அவ்வாயுக்களின் உற்பத்தி நின்றது.